ஒரு சொல்லுக்கு எத்தனை வட்டி? மத்திய வங்கிகளின் காலநிலைப் பேச்சு

2023 ஜனவரி 10 அன்று சுவீடனின் மத்திய வங்கியான ரிக்ஸ்பாங்க் ஸ்டாக்ஹோமில் ஒரு கருத்தரங்கு நடத்தியது. பொருள், மத்திய வங்கிகளின் சுதந்திரம். அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் (சுருக்கமாக ஃபெட்) அன்றைய தலைவர் ஜெரோம் பவல் அங்கே பேசினார். காலநிலை மாற்றத்தை எப்படிச் சமாளிப்பது என்பது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. நாங்கள் காலநிலைக் கொள்கை வகுப்பவர்கள் அல்ல, இனி ஆகப்போவதும் இல்லை என்றார். அதே கருத்தரங்கில் ஐரோப்பிய மத்திய வங்கியின் நிர்வாகக் குழு உறுப்பினர் இசபெல் ஷ்னாபெலும் பேசினார். அவர் எடுத்துக்கொண்ட தலைப்பே வட்டி உயர்வும் பசுமை மாற்றமும்தான். எங்கள் கையிலிருக்கும் கம்பெனிக் கடன் பத்திரங்களை, கார்பனைக் குறைக்கும் நிறுவனங்களின் பக்கம் இன்னும் அழுத்தமாகச் சாய்க்க வேண்டியிருக்கும் என்றார்.

இருவரும் ஒரே தொழில் செய்பவர்கள். இருவருக்கும் முதல் வேலை விலைவாசியைக் கட்டுக்குள் வைப்பது. அப்படியிருக்க ஒரே நாளில், ஒரே இடத்தில் இவ்வளவு எதிரெதிரான பேச்சு எப்படி வந்தது? இதைக் கேட்டுச் சந்தையில் பணம் போடுபவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டாவது கேள்விக்கான பதில் பலரும் நினைப்பதுபோல் இல்லை.

அதற்கு முன், மத்திய வங்கியாளர்களின் பேச்சுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதைப் பார்த்துவிடலாம். 2013 மே 22 அன்று அப்போதைய ஃபெட் தலைவர் பென் பெர்னான்கி அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் அமர்ந்து, சந்தையில் பணத்தைப் பாய்ச்சுவதற்காகப் பத்திரங்கள் வாங்கிவந்ததை வரும் மாதங்களில் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். குறைத்துவிட்டோம் என்று சொல்லவில்லை, குறைக்கலாம் என்றுதான் சொன்னார். அன்று டாலருக்கு 55 ரூபாய் சொச்சமாக இருந்த நம் பணம், ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. வீழ்ச்சிக்கு நம் பக்கத்துப் பலவீனங்களும் காரணம்தான். ஆனால் தீ வைத்தது அந்த ஒரு வாக்கியம்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2012 ஜூலையில் ஸ்பெயின் அரசு பத்தாண்டுக் கடனுக்கு 7 சதவீதத்துக்கு மேல் வட்டி தர வேண்டிய நிலையில் இருந்தது. யூரோவே உடைந்துவிடும் என்று பேச்சு. ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மரியோ திராகி லண்டனில் நடந்த ஒரு முதலீட்டாளர் கூட்டத்தில், யூரோவைக் காக்க என்ன வேண்டுமானாலும் செய்வோம், நம்புங்கள், அது போதுமானதாக இருக்கும் என்றார். வட்டி இறங்கத் தொடங்கியது. அந்தப் பேச்சைத் தொடர்ந்து ஒரு பத்திரக் கொள்முதல் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அதன் கீழ் இன்றுவரை ஒரு பத்திரம்கூட வாங்கப்படவில்லை. சொல்லிலேயே வேலை முடிந்துவிட்டது.

இந்தச் சொற்கள் பலித்ததற்குக் காரணம், சொன்னவரிடம் அச்சடிக்கும் எந்திரம் இருந்ததும், அதை எப்போது இயக்குவார் என்பது ஓரளவு தெரிந்ததும்தான். காலநிலைப் பேச்சில் இந்த இரண்டாவது சமாச்சாரம் ஆரம்பத்திலிருந்தே இல்லை.

லாயிட்ஸ் விருந்தில் ஒரு எச்சரிக்கை

காலநிலை பற்றி மத்திய வங்கிகள் பேசிய கதையை எல்லோரும் 2015 செப்டம்பர் 29 இலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் விலகவில்லை. அன்று இரவு லண்டன் லாயிட்ஸில், காப்பீட்டுத் தொழிலின் பெரிய தலைகள் கூடிய விருந்தில், பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆளுநர் மார்க் கார்னி பேசினார். இதே கார்னிதான் பின்னாளில், 2025 மார்ச்சில், கனடாவின் பிரதமரானார்.

அவர் பேசியதன் சாரம் இது. நிதித்துறைக்கு மூன்று வழிகளில் ஆபத்து வரும். வெள்ளம், புயல், வறட்சி நேராகச் சொத்தை அழிப்பது ஒன்று. நஷ்டப்பட்டவர்கள் கார்பன் கக்கிய கம்பெனிகள்மீது வழக்குப் போடுவது இன்னொன்று. மூன்றாவது, அரசுகள் திடீரென்று விழித்துக்கொண்டு சட்டத்தை மாற்றினால் நிலக்கரி, எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்து ஒரே வாரத்தில் மதிப்பிழப்பது. லண்டன் பங்குச்சந்தையின் முதல் 100 நிறுவனங்களில் 19 சதவீதம் சுரங்கம், எண்ணெய் போன்ற இயற்கை வளத் துறைகளைச் சேர்ந்தவை என்று கணக்குக் காட்டினார். வானிலையால் வரும் காப்பீட்டு இழப்பு 1980களில் ஆண்டுக்குச் சராசரியாக 1,000 கோடி டாலர். அவர் பேசியதற்கு முந்தைய பத்தாண்டில் 5,000 கோடி டாலர் என்றும் சொன்னார். பணவீக்கத்தைக் கழித்த கணக்கு இது. இன்று அந்த எண் ஆண்டுக்கு 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

ஆனால் அந்தப் பேச்சில் நிலைத்து நின்றது எண்கள் அல்ல, ஒரு உருவகம். பணக்கொள்கை வகுப்பவர் இரண்டு மூன்று வருடம் தள்ளிப் பார்ப்பார். நிதி நிலைத்தன்மையைக் கவனிப்பவர் பத்து வருடம் வரை பார்ப்பார். அரசியல்வாதி அடுத்த தேர்தல் வரை. காலநிலையின் முழு அடியோ இவர்கள் எல்லோருடைய பார்வைக்கும் அப்பால், அடிவானத்துக்கு அந்தப் பக்கம் விழுகிறது. அதைத்தான் அவர் அடிவானத்தின் அவலம் என்ற பொருளில் சொன்னார். நிதித்துறைக்கு இது பெரிய பிரச்சினை என்று எல்லோருக்கும் தெளிவாகும் நாளில் காலம் கடந்திருக்கும்.

மறுநாள் எண்ணெய்க் கம்பெனிப் பங்குகள் சரிந்து விழவில்லை. சரியவும் காரணம் இல்லை. பெர்னான்கி வாய் திறந்தால் அடுத்த கூட்டத்தில் ஏதாவது நடக்கும். கார்னி பேசியது 2030, 2050 பற்றி. இடையில் எத்தனை ஆட்சி மாறும்!

சந்தை அசையாவிட்டாலும் காகிதம் அசைந்தது. அதே ஆண்டு டிசம்பரில், கார்னி தலைமை வகித்த சர்வதேச அமைப்பான நிதி நிலைத்தன்மை வாரியம், நியூயார்க்கின் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. கம்பெனிகள் தங்கள் காலநிலை ஆபத்தை ஆண்டறிக்கையில் எப்படி எழுத வேண்டும் என்று அது 2017 ஜூனில் பரிந்துரைத்தது. 2017 டிசம்பரில் பாரிஸில் எட்டு மத்திய வங்கிகளும் கண்காணிப்பு அமைப்புகளும் சேர்ந்து, நிதித்துறையைப் பசுமையாக்க ஒரு வலையமைப்பைத் தொடங்கின. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து என்ஜிஎஃப்எஸ் என்பார்கள். அதுவே பிறகு 140க்கும் மேற்பட்ட உறுப்பினர்களாக வளர்ந்தது. அமெரிக்க ஃபெட் 2020 டிசம்பரில் சேர்ந்தது. நம் ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரலில்.

மத்திய வங்கியாளர்களின் பேச்சுகளை ஆயிரக்கணக்கில் கணினியிடம் கொடுத்து, காலநிலை பற்றிப் பேசிய நாட்களில் பங்குகள் எப்படி நடந்தன என்று பார்த்த ஆய்வுகள் உண்டு. கார்பன் குறைவான நிறுவனங்களின் பங்கு, கார்பன் அதிகமான நிறுவனங்களைவிடச் சற்று மேலாக நடந்தது என்று அவை சொல்கின்றன. சரி, பேச்சுக்குப் பலன் இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் தேவைப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2013 இல் ரூபாய் விழுந்ததைப் பார்க்க யாருக்கும் புள்ளியியல் தேவைப்படவில்லை.

ஒன்பது மாதச் சாய்வு

பேச்சுக்குப் பின்னால் கை நீண்ட இடம் ஐரோப்பா. 2016 இலிருந்து ஐரோப்பிய மத்திய வங்கி தனியார் கம்பெனிகளின் கடன் பத்திரங்களையும் வாங்கியது. 2022 வாக்கில் கையிருப்பு ஏறத்தாழ 34,500 கோடி யூரோ. எந்தக் கம்பெனியின் பத்திரம் வாங்குவது? சந்தையில் யாருடைய பத்திரம் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில் வாங்குவோம், நாங்கள் பாரபட்சம் காட்ட மாட்டோம் என்றது வங்கி. சந்தை நடுநிலை என்று இதற்குப் பெயர்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்குபவர்கள் யார்? எண்ணெய், மின்சாரம், கார், சிமெண்டு, எஃகு போன்ற பழைய பெரிய நிறுவனங்கள். கூரையில் சூரியத் தகடு மாட்டும் சின்னக் கம்பெனி பத்திரச் சந்தைப் பக்கமே வராது. வங்கியில்தான் கடன் வாங்கும். ஆக, சந்தையை அப்படியே பிரதி எடுத்தால் கார்பன் கக்குபவர்களுக்குப் பொருளாதாரத்தில் உள்ள பங்கைவிடக் கூடுதலான பங்கு மத்திய வங்கியின் பெட்டியில் வந்து விழும். நடுநிலை என்ற பெயரில் ஒரு பக்கம் சாய்ந்த தராசு. இதை வெளியிலிருந்து ஆய்வாளர்களும் பசுமை இயக்கத்தினரும் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஷ்னாபெலே மேடையில் நின்று சொல்லும் நிலை வந்தது.

2021 ஜூலையில் கிறிஸ்டீன் லகார்டின் தலைமையில் வங்கி தன் உத்தியை மறுபரிசீலனை செய்து, காலநிலை செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2022 ஜூலையில் விவரம் வந்தது: முதிர்ந்து திரும்பிவரும் பணத்தை மறுபடி முதலீடு செய்யும்போது, கார்பனைக் குறைப்பதில் முன்னே நிற்கும் கம்பெனிகளுக்கு அதிகமாகவும் மற்றவர்களுக்குக் குறைவாகவும் தருவோம். அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் வேடிக்கை. உக்ரைன் போரும் எரிவாயு விலையும் சேர்ந்து ஐரோப்பாவில் பணவீக்கம் 10 சதவீதத்தைத் தொட்டது. அதை அடக்க, கையிருப்பைக் குறைக்க வேண்டும். 2023 மார்ச்சில் இந்தத் திட்டத்தின் மறுமுதலீடு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஜூலையோடு முற்றாக நின்றது. அந்தத் திட்டத்தில் புதிதாக எதையுமே வாங்காதவர் எதைச் சாய்ப்பார்? பல ஆண்டு விவாதித்துக் கட்டிய கருவி அதில் ஒன்பது மாதம்தான் ஓடியது. ஸ்டாக்ஹோமில் ஷ்னாபெல் கவலைப்பட்டதும் இதைத்தான். புதிதாக வாங்குவதைச் சாய்த்தால் போதாது, ஏற்கனவே இருக்கும் குவியலையே மாற்றியமைக்க வேண்டும் என்றார். அது நடக்கவில்லை.

பாங்க் ஆஃப் இங்கிலாந்து கதையும் ஏறக்குறைய இதேதான். கம்பெனிப் பத்திரங்களைப் பசுமையாக்கும் திட்டத்தை 2021 நவம்பரில் அறிவித்தது. 2023 ஜூனுக்குள் அந்தப் பத்திரங்களை விற்றே முடித்துவிட்டது. சுவீடன் இதற்கெல்லாம் முன்பே, 2019 நவம்பரில், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தின் பத்திரங்களையும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களின் பத்திரங்களையும் கார்பன் காரணம் சொல்லி விற்றுவிட்டதாக அறிவித்தது. தலைப்புச் செய்தியானது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இந்த மேடைகளில் அதிகம் பேர் அடிபடாத ஒரு மத்திய வங்கி உண்டு. சீனாவின் மக்கள் வங்கி 2021 நவம்பரில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. தூய மின்சாரம், எரிசக்திச் சிக்கனம் போன்றவற்றுக்கு ஒரு வணிக வங்கி கடன் கொடுத்தால், அந்தக் கடனில் 60 சதவீதப் பணத்தை மத்திய வங்கியே 1.75 சதவீத வட்டிக்குத் தரும். அவ்வளவுதான். சுதந்திரமான மத்திய வங்கி இதைச் செய்யலாமா என்ற விவாதம் அங்கே எழவே இல்லை. அது சுதந்திரமானதும் அல்ல. ஆனால் பேச்சுக்கும் பணத்துக்கும் உள்ள வித்தியாசம் புரிய இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

காலநிலை என்ற சொல்லே இல்லாத அறிவிப்பு

இப்போது தொடக்கத்துக் கேள்விக்கு வருகிறேன். 2022, 2023 இல் பசுமை முதலீட்டை உண்மையில் உலுக்கியது எது? ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி 2022 ஜூலையில் மைனஸ் 0.5 சதவீதம். 2023 செப்டம்பரில் 4 சதவீதம். அந்த அறிவிப்புகளின் மையத்தில் காலநிலை இல்லை. பவலும் இதே காலத்தில் வட்டியை ஏறத்தாழப் பூஜ்யத்திலிருந்து ஐந்தேகால் சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார்.

வட்டிக்கும் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம்? எரிவாயு மின்நிலையம் கட்டச் செலவு குறைவு. பிறகு ஆண்டுதோறும் எரிவாயு வாங்க வேண்டும். காற்றாலைக்குக் காற்று இலவசம். ஆனால் மொத்தச் செலவும் முதல் நாளே வந்துவிடும், அதுவும் பெரும்பாலும் கடன் வாங்கி. வீட்டுக் கடன் வாங்கியவருக்கு வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று தெரியும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த வலி நேராகத் தெரியாது. காற்றாலை வீட்டுக் கடன்காரர். எரிவாயு நிலையம் வாடகைக்காரர்.

2023 செப்டம்பரில் பிரிட்டன் அரசு புதிய மின் திட்டங்களுக்கு ஏலம் நடத்தியபோது, கடலில் காற்றாலை நிறுவ ஒருவர்கூட விலை கேட்கவில்லை. அரசு வைத்திருந்த உச்ச விலை, ஏறிவிட்ட செலவுக்குக் கட்டாது என்று ஒதுங்கிவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, கடல் காற்றாலையில் உலகின் முன்னணி நிறுவனமான டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், அமெரிக்காவின் நியூஜெர்சி கரையோரம் கட்டவிருந்த இரண்டு பெரிய திட்டங்களைக் கைவிடுவதாகச் சொன்னது. வட்டி, உதிரிபாகத் தாமதம், வரிச்சலுகை கிடைப்பதில் சிக்கல் என்று பல காரணங்கள். பங்கு விலையில் நாலில் ஒரு பங்கு ஒரே நாளில் போனது. வட்டி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் தவறு. ஆனால் கார்னியின் பேச்சிலிருந்து அன்றுவரை வந்த காலநிலைச் சொற்பொழிவுகள் அத்தனையும் சேர்ந்து அந்தப் பங்கில் அப்படி ஒரு நாளை உண்டாக்கவில்லை.

மத்திய வங்கிகளின் தரப்பும் இருக்கிறது. பணவீக்கத்தை ஓடவிட்டால் நீண்டகால வட்டி இன்னும் ஏறும். அப்போது பசுமைத் திட்டங்கள் இதைவிட மோசமாக அடிபடும் என்பது ஷ்னாபெலின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. என் புகார் வேறு: காலநிலையை மேற்பார்வைத் துறையின் அறிக்கைகளில் ஒரு அத்தியாயமாகவும், வட்டியைச் சம்பந்தமில்லாத இன்னொரு அறையிலும் வைத்துப் பேசியதால், எந்தக் கதவு வழியாக மத்திய வங்கி காலநிலையைத் தொடுகிறது என்பதே மறைந்துபோனது.

இதே உறவு எதிர்த் திசையிலும் ஓடுகிறது. 2022 மார்ச்சில் ஷ்னாபெல் மூன்று சொற்களைச் சேர்த்து ஒரு உரை நிகழ்த்தினார். வெப்பமும் வறட்சியும் விலையை ஏற்றுவது ஒன்று. எண்ணெய், எரிவாயுவை நம்பியிருப்பதால் வரும் விலையேற்றம் இரண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் செம்பு, லித்தியம் தேடி ஓடுவதால் வரும் விலையேற்றம் மூன்று. பெயர்கள் ஆங்கிலத்தில் கொஞ்சம் விளையாட்டாக இருந்தன. விஷயம் விளையாட்டல்ல. மூன்றில் முதலாவதைப் பற்றி இந்தியாவுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

பருவமழைதான் நாட்டின் உண்மையான நிதியமைச்சர் என்று டெல்லியில் சொல்வது வழக்கம். ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை அறிக்கைகளைப் புரட்டினால் அணைகளின் நீர்மட்டம், மழைப் பற்றாக்குறை, விதைப்புப் பரப்பு எல்லாம் இருக்கும். காலநிலைப் பேச்சு என்று ஒன்று உருவாவதற்கு முன்பே அவர்கள் வானிலை பேசிக்கொண்டிருந்தார்கள். காரணம் எளிது. 2012ஐ அடிப்படையாகக் கொண்டு வெகுகாலம் புழங்கிய நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை ஏறத்தாழ 46 சதவீதம்.

2023 ஜூனில் 4.87 சதவீதமாக இருந்த சில்லறைப் பணவீக்கம் ஜூலையில் 7.44 ஆனது. தக்காளிதான் பெரிய குற்றவாளி. சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது அந்த மாதம்தான். அடுத்து வந்த ஆகஸ்ட், 1901 இலிருந்து உள்ள பதிவுகளிலேயே மழை குறைந்த ஆகஸ்ட். 2024 அக்டோபரில் மறுபடி உணவு விலைகள் 10.87 சதவீதம் ஏற, மொத்தப் பணவீக்கம் 6 சதவீதத்தைத் தாண்டியது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்கு வந்து, 2025 பிப்ரவரி வரை இரண்டு வருடம் அங்கேயே நின்றது. உங்கள் இஎம்ஐ இறங்காமல் இருந்ததில் மழைக்கும் ஒரு பங்கு உண்டு.

இதில் ஒரு நல்ல சண்டையும் நடந்தது. 2024 ஜூலையில் வெளியான பொருளாதார ஆய்வறிக்கை, உணவைக் கழித்துவிட்டு மீதிப் பணவீக்கத்துக்கு இலக்கு வைக்கலாமே என்றது. தக்காளி விலையை வட்டியால் இறக்க முடியாது என்பது அதன் வாதம், நியாயம்தான். ஆனால் உணவு விலை ஒரு மாதம் ஏறி இறங்கினால் கண்டுகொள்ளாமல் விடலாம், தொடர்ந்து ஏறியே இருந்தால் விட முடியாது என்றார் அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ். மேலோட்டமாகப் பார்த்தால் இது குறியீட்டுக் கணக்குத் தகராறு. உண்மையில், வெயிலும் மழையும் மத்திய வங்கியின் வேலைக்குள் வருமா வராதா என்ற அதே ஸ்டாக்ஹோம் விவாதம்தான், காய்கறிச் சந்தையில் வைத்து நடந்தது.

காலநிலை பற்றி ரிசர்வ் வங்கி நேரடியாகவும் பேசியிருக்கிறது. 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, கடும் வெப்பத்தாலும் புழுக்கத்தாலும் வீணாகும் வேலை நேரம் காரணமாக 2030க்குள் நாட்டின் உற்பத்தியில் 4.5 சதவீதம் வரை ஆபத்தில் இருக்கும் என்றது. 2024 பிப்ரவரியில், வங்கிகள் தங்கள் காலநிலை ஆபத்தை வெளியிடுவதற்கான வரைவு விதிகள் வந்தன.

பசுமைத் திட்டங்களுக்கென்று கடன் திரட்ட வெளியிடும் பசுமைப் பத்திரங்களின் கதையைக் கேட்டால் சந்தை எப்படி நினைக்கிறது என்று தெரியும். மத்திய அரசின் முதல் பசுமைப் பத்திரங்களை ரிசர்வ் வங்கி 2023 ஜனவரி 25, பிப்ரவரி 9 என இரண்டு நாட்களில் 8,000 கோடி ரூபாய் வீதம் ஏலம் விட்டது. ஐந்தாண்டுக்கு 7.10, பத்தாண்டுக்கு 7.29 சதவீத வட்டி. சாதாரண அரசுப் பத்திரத்தைவிட 0.05 சதவீதப் புள்ளி அளவு குறைந்த வட்டிக்கு வாங்க ஆள் இருந்தது. பசுமைக்காக முதலீட்டாளர் விட்டுக்கொடுத்தது அவ்வளவே. பிறகு வந்த ஏலங்களில் அந்த உற்சாகமும் வடிந்தது. சிலவற்றில் அறிவித்த அளவு முழுதாக விற்கவில்லை. வாங்கும் வங்கிக்கு அதுவும் ஒரு அரசுப் பத்திரம், இதுவும் ஒரு அரசுப் பத்திரம். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய இருப்பில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு, ஆனால் பசுமைப் பத்திரத்தை அவசரத்துக்கு விற்பது கடினம். அப்படியிருக்க வட்டியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பேசியதற்கான விலை

அமெரிக்காவில் காலநிலைப் பேச்சு பேசியவர்களையே திருப்பி அடித்தது. 2022 இல் ஃபெட்டின் வங்கிக் கண்காணிப்புப் பொறுப்புக்கு சாரா புளூம் ராஸ்கின் என்பவரை ஜோ பைடன் முன்மொழிந்தார். கொரோனா கால நிவாரணக் கடனை எண்ணெய்க் கம்பெனிகளுக்குத் தரக்கூடாது என்று 2020 இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை எதிர்ப்பாளர்கள் கையில் எடுத்தார்கள். பைடனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த, நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஜோ மான்சினும் கைவிரித்ததும் மார்ச்சில் அவர் விலகினார். ஸ்டாக்ஹோமில் பவல் அத்தனை கறாராகப் பேசியதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது. காலநிலை அவருக்குப் புரியாத விஷயமல்ல. வட்டி முடிவுகளில் அரசியல்வாதிகள் கை வைக்காமல் இருக்க, இதை வெளியே நிறுத்துவதே பாதுகாப்பு என்று கணக்குப் போட்டார்.

2025 ஜனவரி 17 அன்று ஃபெட், என்ஜிஎஃப்எஸ் வலையமைப்பிலிருந்து விலகியது. அதன் வேலை எங்கள் சட்ட வரம்பைத் தாண்டி விரிந்துவிட்டது என்று அறிக்கை சொன்னது. டொனால்ட் டிரம்ப் பதவியேற்க மூன்று நாள் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஜனவரி 7 அன்று பிடித்த காட்டுத்தீ அப்போதும் அணையவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரியில் செனட் குழு முன் அமர்ந்த பவல், வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் கரையோரங்களிலிருந்தும் தீ பரவும் பகுதிகளிலிருந்தும் வெளியேறுகின்றன, இன்னும் 10, 15 வருடத்தில் நாட்டின் சில பகுதிகளில் வீட்டுக் கடனே கிடைக்காது என்றார். கார்னி லாயிட்ஸ் விருந்தில் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். காலநிலைக் கொள்கை எங்கள் வேலையல்ல என்றவரின் வாயிலிருந்தே அது வந்தது.

எதிர் முகாமுக்கும் ஒரு அடி விழுந்தது. என்ஜிஎஃப்எஸ் தயாரிக்கும் எதிர்காலக் காட்சிகளை வைத்துத்தான் உலகெங்கும் மத்திய வங்கிகள் பாதிப்புகளைக் கணக்கிடுகின்றன. 2024 நவம்பரில் அது சேத மதிப்பீட்டை வெகுவாக உயர்த்தியது. உயர்வுக்கு அடிப்படையாக இருந்தது அதே ஆண்டு நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை. உஸ்பெகிஸ்தானின் பழைய தரவில் இருந்த கோளாறு முடிவை எந்த அளவுக்குத் தள்ளிவிட்டது என்று மற்ற ஆய்வாளர்கள் காட்ட, 2025 டிசம்பரில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வெப்பம் பெரிய சேதம் செய்யும் என்ற அடிப்படை இதனால் மாறிவிடாது. ஆனால் ஒற்றை எண்ணின் தோளில் ஏறி நின்று பேசினால் இப்படித்தான் சறுக்கும்.

மேடைகளில் சத்தம் குறைந்திருக்கும் இந்த நேரத்தில், வேலை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. 2025 நவம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கி, ஸ்பெயினின் அபாங்கா வங்கிக்கு 1,87,650 யூரோ அபராதம் விதித்தது. காலநிலை ஆபத்துகளில் தனக்கு முக்கியமானவை எவை என்ற மதிப்பீட்டைக் குறித்த நாளுக்குள் முடிக்கவில்லை என்பது குற்றம். பெரிய வங்கிக்கு அது டீ செலவு. ஆனாலும் வீட்டுப்பாடம் எழுதாத பையனை முதல் தடவையாக வகுப்புக்கு வெளியே நிறுத்தியாயிற்று.

அதைவிட முக்கியமானது 2025 ஜூலையில் வந்த இன்னொரு அறிவிப்பு. வணிக வங்கிகள் மத்திய வங்கியிடம் பணம் வாங்கும்போது பத்திரங்களை ஈடாக வைக்கும். நகைக்கடன் போலத்தான்: நகையின் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் கடன். 2026 இன் இரண்டாம் பாதியிலிருந்து, கம்பெனிப் பத்திரங்களை ஈடாக வைத்தால் காலநிலைக்காகவும் ஒரு கழிவு உண்டு என்று ஐரோப்பிய மத்திய வங்கி சொன்னது. எவ்வளவு கழிப்பது என்பதைத் தீர்மானிக்க, எந்தத் தொழில், அந்தக் கம்பெனி எவ்வளவு கார்பனைச் சார்ந்திருக்கிறது என்பதோடு மூன்றாவதாக ஒன்றையும் பார்ப்பார்கள். பத்திரம் முதிர இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்பது. ஒரே கம்பெனிதான், ஆனால் இரண்டு வருடத்தில் முதிரும் பத்திரத்துக்குக் கழிவு குறைவு, பன்னிரண்டு வருடம் தள்ளி முதிர்வதற்கு அதிகம். கார்னி சொன்ன அந்த அடிவானம், பத்து வருடம் கழித்து ஈட்டுக் கழிவுப் பட்டியலில் ஒரு பத்தியாக வந்து உட்கார்ந்திருக்கிறது.